கணையத்தில் தீவுகளைக் கண்ட 21 வயது மாணவர்: யார் இந்த பால் லாங்கர்ஹான்ஸ்?

லாங்கர்ஹான் திட்டுகள். பள்ளியில் நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்தில் இந்தப் பெயரைப் படிச்சிருப்பீங்க. கணையத்தில் இருக்கும், இன்சுலின் சுரக்கும் என்று மனப்பாடம் பண்ணி, ரெண்டு மார்க் வாங்கினதோடு நம்மில் பலருக்கு அந்த உறவு முடிந்துபோயிருக்கும்.

ஆனால், டைப் 1 நீரிழிவு வந்த ஒரு குழந்தையின் வீட்டில் அந்தத் திட்டுகள்தான் எல்லாமே. அவை வேலை செய்வதை நிறுத்தியதால்தான் அந்தக் குழந்தை தினமும் பல முறை ஊசி போட்டுக்கொள்கிறது. உலகம் முழுக்க டைப் 1 பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவர்களும் மைக்ரோஸ்கோப்பில் தேடுவது அந்தத் திட்டுகளைத்தான்.

அவற்றை முதன்முதலில் கண்டவரும் ஒரு ஆய்வு மாணவர். வயது 21. தான் கண்டது என்னவென்று அவருக்குத் தெரியாது. அது தெரியவருவதற்கு முன்பே, 40 வயதில் இறந்துவிட்டார். பால் லாங்கர்ஹான்ஸின் கதை இது.

டாக்டர் வீட்டுப் பிள்ளை

1847 ஜூலை 25 அன்று ஜெர்மனியின் பெர்லின் நகரில் பிறந்தார் லாங்கர்ஹான்ஸ். அப்பா ஒரு மருத்துவர். வீட்டில் மருத்துவம்தான் குலத்தொழில் மாதிரி. பின்னாளில் இவருடைய தம்பிகள் இருவரும் மருத்துவர்கள்தான். அவர்கள் அப்பாவின் இரண்டாவது திருமணத்தில் பிறந்தவர்கள்.

பெர்லினில் பள்ளிப்படிப்பு. அப்புறம் யேனா பல்கலைக்கழகம். அங்கே விலங்கியல் அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கலிடம் பாடம் கேட்டார். மனித உடலோடு நிற்காமல் மீன், புழு, பூச்சி என எல்லா உயிர்களின் உடலமைப்பையும் கூர்ந்து பார்க்கும் பழக்கம் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. அது கடைசிவரை அவரை விடவில்லை.

பிறகு பெர்லினுக்கே திரும்பினார். அங்கே அவருக்குக் கிடைத்த ஆசிரியர் ருடால்ஃப் விர்ச்சோ. ஒவ்வொரு செல்லும் இன்னொரு செல்லிலிருந்துதான் பிறக்கிறது, நோய்களைப் புரிந்துகொள்ள செல்களைப் பார்க்க வேண்டும் என்று உலகுக்குச் சொன்ன மேதை. அவருடைய கூடத்தில் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்துவிட்டால் நேரம் போவதே தெரியாத இளைஞர்கள் நிறைய பேர். அதில் ஒருவர் நம்ம லாங்கர்ஹான்ஸ்.

முதல் கண்டுபிடிப்பு தோலுக்குள்

கணையத்துக்கு வருவதற்கு முன்பே ஒரு சாதனை இருக்கிறது. பெர்லின் பல்கலைக்கழகம் மாணவர்களுக்கு ஒரு ஆய்வுப் போட்டி வைத்தது. அதற்காக மனிதத் தோலை ஆராய்ந்தார் லாங்கர்ஹான்ஸ். தங்க குளோரைடு என்ற ரசாயனத்தால் செல்களுக்கு நிறமேற்றும் முறையை யூலியஸ் கோன்ஹைம் என்பவர் உருவாக்கியிருந்தார். அதைக் கையில் எடுத்தார்.

தோலின் மேலடுக்கில், கிளை கிளையாகக் கைகளை நீட்டிக்கொண்டு நிற்கும் விசித்திரமான செல்கள் தெரிந்தன. 1868-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அவை நரம்போடு சேர்ந்த செல்களாக இருக்கும் என்பது அவருடைய ஊகம்.

ஊகம் தப்பு. ஆனால் பார்த்தது சரி. அவை உண்மையில் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் காவலாளிகள் என்பது தெரியவர 100 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இன்றைக்கு அவற்றுக்கு லாங்கர்ஹான்ஸ் செல்கள் என்றே பெயர். இந்தச் செல்களைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க. கதையின் கடைசியில் திரும்பவும் தேவைப்படும்.

முயலின் கணையத்தில் என்ன பார்த்தார்?

அடுத்தது டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேடு. தலைப்பு கணையத்தின் நுண் அமைப்பு. இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கணையத்தைப் பற்றி அன்று தெரிந்தது கொஞ்சம்தான். அது செரிமானத்துக்கான சாறைச் சுரக்கிறது, அந்தச் சாறு குழாய் வழியாகக் குடலுக்குப் போகிறது. அவ்வளவுதான். நீரிழிவுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் நிரூபித்திருக்கவில்லை.

லாங்கர்ஹான்ஸ் பெரும்பாலும் ஆராய்ந்தது முயலின் கணையத்தை. ரசாயனக் கரைசலில் ஊறவைத்து, மெல்ல மெல்லப் பிரித்து, ஒவ்வொரு செல் வகையாகக் கணக்கெடுத்தார். இன்று நாம் படங்களில் பார்ப்பதுபோலப் பல வண்ணங்களில் செல்களைப் பிரித்துக் காட்டும் சாயங்கள் அன்று கிடையாது. எல்லாமே ஏறக்குறைய ஒரே நிறத்தில்தான் தெரியும். வித்தியாசத்தைக் கண்தான் கண்டுபிடிக்கணும்.

மொத்தம் ஒன்பது வகைச் செல்களை அவர் பட்டியலிட்டார். அதில் ஒரு வகை மட்டும் எதிலும் சேராமல் நின்றது. செரிமானச் சாறு சுரக்கும் செல்களுக்குள் துகள்கள் நிறைய இருக்கும். இவற்றில் அந்தத் துகள்கள் இல்லை. சிறியவை, பல கோண வடிவம் கொண்டவை, கணையம் முழுக்க அங்கங்கே கும்பல் கும்பலாகக் கிடந்தவை. ஒரு கும்பலின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரைதான்.

1869 பிப்ரவரியில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். மிகச் சின்ன ஆய்வேடு. அந்தச் செல் கும்பல்களின் வேலை என்ன என்ற கேள்விக்கு, தனக்குத் தெரியவில்லை என்று அதில் நேர்மையாக ஒப்புக்கொண்டார். பெயர்கூட வைக்கவில்லை. அந்தச் செல்களைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பெரிதாக எழுதவும் இல்லை.

இதை ஒரு குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. ஹார்மோன் என்ற சொல்லே அப்போது கிடையாது. குழாய் இல்லாமல் நேராக ரத்தத்தில் கலக்கும் சுரப்பு என்ற கருத்தும் அன்றைய மருத்துவத்தில் இன்னும் வேரூன்றவில்லை. கேள்வியே பிறக்காத காலத்தில் விடை கையில் கிடைத்திருக்கிறது. கதை கட்டிச் சொல்லாமல், பார்த்ததை மட்டும் அளந்து எழுதிவைத்துவிட்டுப் போனார். பின்னால் வந்தவர்களுக்கு அதுதான் உதவியது.

பயணம், போர், பேராசிரியர் வேலை

பட்டம் வாங்கிய கையோடு, 1870-ல் புவியியல் அறிஞர் ஹைன்ரிச் கீப்பர்ட்டுடன் சிரியா, பாலஸ்தீனப் பகுதிகளுக்குப் பயணம் போனார். அங்கே தொழுநோயாளிகளைச் சந்தித்து அந்த நோயைப் பற்றிக் குறிப்புகள் எடுத்தார். அதே ஆண்டு பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை தரும் ஆம்புலன்ஸ் பிரிவில் வேலை செய்தார்.

போர் முடிந்ததும் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் துறையில் வேலை கிடைத்தது. பிரேதங்களை அறுத்து மாணவர்களுக்குக் காட்டும் பொறுப்பு. சில ஆண்டுகளிலேயே பேராசிரியர் பதவி. முப்பது வயதுகூட ஆகவில்லை. இன்றைய பாஷையில் சொன்னால், கரியர் ராக்கெட் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

எல்லாம் நின்றுபோன 1874

அந்த ஆண்டுதான் காசநோய் வந்தது. பிரேத அறையில் வேலை செய்தபோது தொற்றியிருக்கலாம் என்று கருதப்படுகிறது.

அன்று காசநோய்க்கு மருந்தே இல்லை. ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததே 1882-ல்தான். அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1940-களில். அதுவரை மருத்துவர்கள் சொன்ன வைத்தியம் ஒன்றுதான்: நல்ல காற்றும் வெயிலும் உள்ள இடத்துக்குப் போங்க. லாங்கர்ஹான்ஸும் போனார். இத்தாலியில் கொஞ்ச நாள், சுவிட்சர்லாந்து மலையில் கொஞ்ச நாள். பலனில்லை. பேராசிரியர் வேலையை விட வேண்டியதாயிற்று.

1875-ல் மதீரா போய்ச் சேர்ந்தார். அட்லான்டிக் பெருங்கடலின் நடுவே, போர்ச்சுக்கலுக்குச் சொந்தமான தீவு அது. மிதமான தட்பவெப்பம். ஐரோப்பாவிலிருந்து காசநோயாளிகள் உடம்பு தேற வந்து தங்கும் இடம்.

தீவில் ஒரு இரண்டாவது வாழ்க்கை

மதீராவில் உடல்நிலை ஓரளவு தேறியது. தேறியதும் சும்மா இருக்கவில்லை. பல்கலைக்கழகம் இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை, பேசிப் பார்க்கச் சக ஆராய்ச்சியாளர்கள் இல்லை. ஆனால், சுற்றிலும் கடல் இருந்தது.

கடற்புழுக்களைச் சேகரிக்க ஆரம்பித்தார். தீவைச் சுற்றியிருக்கும் புழு வகைகளைப் பற்றித் தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார். அதுவரை யாரும் விவரித்திராத ஒரு புழுவுக்குத் தன் ஆசிரியர் விர்ச்சோவின் பெயரால் விர்ச்சோவியா என்று பெயரிட்டார். ஒரு மாணவர் ஆசிரியருக்குச் செய்த மரியாதை அது. புழுவுக்கா பெரியவர் பெயர் என்று சிரிக்கத் தோன்றலாம். விலங்கியலில் இதெல்லாம் சகஜம்.

தலைநகர் ஃபுன்சாலில் மருத்துவராகவும் வேலை பார்த்தார். அவரிடம் வந்தவர்களில் பலர் அவரைப் போலவே காசநோயோடு கரையேறியவர்கள். மருத்துவருக்கும் நோயாளிக்கும் ஒரே நோய். மதீராவின் தட்பவெப்பம் முதல் அங்கே வரும் நோயாளிக்குத் தேவையான விவரங்கள் வரை சேர்த்து ஒரு கையேடும் எழுதினார். அது 1885-ல் வெளிவந்தது.

அதே ஆண்டு திருமணம். மணமகள் மார்கரெத்தே எபார்ட். லாங்கர்ஹான்ஸிடம் சிகிச்சை பெற்று இறந்துபோன ஒருவரின் மனைவி. முப்பத்தெட்டு வயதில் அவருக்குக் குடும்பம் அமைந்தது. ஆனால் அந்த மகிழ்ச்சி மூன்று வருஷம்கூட முழுதாக நிலைக்கவில்லை.

1887-ல் சிறுநீரகங்கள் பழுதாகத் தொடங்கின. 1888 ஜூலை 20 அன்று இறந்தார். இன்னும் 5 நாள் இருந்திருந்தால் 41-வது பிறந்தநாள். ஃபுன்சாலில் உள்ள பிரிட்டிஷ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஒரே ஒரு வருஷம் கழித்து...

1889. ஸ்ட்ராஸ்பர்க் நகரில் யோசப் ஃபோன் மெரிங், ஆஸ்கார் மின்கோவ்ஸ்கி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு நாயின் கணையத்தை அறுவைசிகிச்சை செய்து எடுத்தார்கள். அந்த நாய்க்குக் கடுமையான நீரிழிவு வந்தது. நீரிழிவின் வேர் கணையத்தில் இருக்கிறது என்பது அன்றுதான் உறுதியானது. லாங்கர்ஹான்ஸ் இறந்து ஒரே வருஷம்.

அதற்குப் பிறகு வரிசையாக நடந்தது இது:

1893: பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் குஸ்தாவ் எதுவார் லாகெஸ், அந்தச் செல் கும்பல்கள் ரத்தத்தில் கலக்கும் ஏதோ ஒன்றைச் சுரக்கலாம் என்று ஊகித்தார். பழைய ஆய்வேட்டை நினைவில் வைத்து அவற்றுக்கு லாங்கர்ஹான்ஸின் தீவுகள் என்று பெயர் சூட்டினார். கணையம் என்ற கடலில் சிதறிக் கிடக்கும் குட்டித் தீவுகள். தமிழ்ப் பாடநூல்களில் அதுதான் திட்டுகள் ஆனது.

1901: அமெரிக்காவில் யூஜின் ஓபீ என்ற இளம் மருத்துவர், நீரிழிவால் இறந்தவர்களின் கணையத்தில் இந்தத் திட்டுகள் சிதைந்திருப்பதைக் காட்டினார்.

1909: பெல்ஜியத்தைச் சேர்ந்த ஷான் தெ மெயர், இன்னும் யாரும் பிரித்தெடுக்காத அந்தச் சுரப்புக்கு முன்கூட்டியே பெயர் வைத்தார். லத்தீனில் இன்சுலா என்றால் தீவு. அதிலிருந்து பிறந்தது இன்சுலின்.

ஆக, இன்றைக்கு நாம் மெடிக்கலில் கேட்டு வாங்கும் இன்சுலின் என்ற சொல்லுக்குள்ளேயே அந்த முயல் கணையம் ஒளிந்திருக்கிறது.

29 கிலோ எடை, 14 வயது

இன்சுலினுக்கு முன்னால் டைப் 1 வந்த குழந்தைகளின் நிலைமை என்ன? மரணம்தான். அதைக் கொஞ்சம் தள்ளிப்போட ஒரே வழி பட்டினி. மாவுச்சத்தை அறவே குறைத்து, உயிர் தங்கும் அளவுக்கு மட்டும் சாப்பாடு கொடுப்பார்கள். எலும்பும் தோலுமாகிவிட்ட பிள்ளை பசியில் அழும்போது, சாப்பாடு கொடுக்கக் கூடாது என்று பெற்றோரையே காவல் இருக்கச் சொன்ன காலம் அது.

1921-ல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில், ஜான் மெக்லியோடின் கூடத்தில் ஃபிரெடெரிக் பேன்டிங் என்ற மருத்துவரும் சார்லஸ் பெஸ்ட் என்ற 22 வயது மாணவரும் நாய்களின் கணையத்திலிருந்து அந்தச் சுரப்பைப் பிரித்தெடுக்க முயன்றார்கள். ஜேம்ஸ் காலிப் அதைச் சுத்திகரித்தார்.

1922 ஜனவரி 11. டொராண்டோ பொது மருத்துவமனையில் லியோனார்ட் தாம்சன் என்ற சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. வயது 14. எடை சுமார் 29 கிலோ. முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை, ஒவ்வாமை ஏற்பட்டது. ஜனவரி 23 அன்று காலிப் சுத்திகரித்த மருந்தைப் போட்டபோது ரத்தச் சர்க்கரை மளமளவென்று இறங்கியது. லியோனார்ட் அதன் பிறகு 13 ஆண்டுகள் வாழ்ந்தார்.

லாங்கர்ஹான்ஸ் உயிரோடு இருந்திருந்தால் அந்த ஜனவரியில் அவருக்கு வயது 74. பார்த்திருக்கக்கூடிய வயதுதான்.

பேன்டிங்கின் பிறந்தநாளான நவம்பர் 14-ஐத்தான் உலக நீரிழிவு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். இந்தியாவில் அன்றைக்குத்தான் குழந்தைகள் தினமும்.

அவருடைய இரண்டு கண்டுபிடிப்புகளும் சந்தித்த இடம்

இன்சுலின் வந்துவிட்டது, உயிர் பிழைத்தாச்சு. ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. நன்றாக இருந்த குழந்தையின் திட்டுகள் ஏன் திடீரென்று அழிகின்றன?

1965-ல் பெல்ஜிய மருத்துவர் வில்லி கெப்ட்ஸ், நோய் வந்த கொஞ்ச நாளிலேயே இறந்துபோன இளம் நோயாளிகளின் கணையத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். திட்டுகளுக்குள் வெள்ளை அணுக்கள் புகுந்திருந்தன. 1974-ல் லண்டனில் ஜான் ஃபிராங்கோ போட்டாட்சோவும் சக ஆராய்ச்சியாளர்களும், நோயாளிகளின் ரத்தத்தில் இந்தத் திட்டுகளை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் இருப்பதைக் கண்டார்கள்.

விஷயம் தெளிவானது. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், ஆள் தெரியாமல் சொந்தத் திட்டுகளில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களையே தாக்குகிறது. அந்தத் தாக்குதலில், எதை அடிக்க வேண்டும் என்று டி செல்களுக்கு அடையாளம் காட்டிவிடும் செல்கள் உண்டு. அவற்றுக்கு டென்ட்ரைட்டிக் செல்கள் என்று பெயர்.

ஞாபகம் வெச்சுக்கச் சொன்னோமே, தோலில் கிளை விரித்து நின்ற லாங்கர்ஹான்ஸ் செல்கள்? தோலில் அவை செய்வதும் இதே அடையாளம் காட்டும் வேலைதான். மாணவராக இருந்தபோது அவர் கண்டு எழுதிவைத்த இரண்டில் ஒன்று காவலாளி, இன்னொன்று தாக்கப்படும் வீடு. இரண்டுக்கும் இப்படி ஒரு சம்பந்தம் வரும் என்று 1869-ல் யாராலும் சொல்லியிருக்க முடியாது.

இப்போது ஆராய்ச்சி எங்கே நிற்கிறது?

ஒரு பெரியவரின் கணையத்தில் சுமார் 10 லட்சம் திட்டுகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டால் ஒரு கிராம் அளவுதான் வரும். அந்த ஒரு கிராமைக் காப்பாற்றுவதுதான் இன்றைய ஆராய்ச்சி.

2000-ல் கனடாவின் எட்மன்டன் நகரில், தானமாகக் கிடைத்த திட்டுகளை ஏழு நோயாளிகளின் கல்லீரலுக்குள் செலுத்தி, இன்சுலின் ஊசி இல்லாமல் இருக்க வைத்தார்கள். ஆனால் மாற்றுத் திட்டுகளை உடம்பு நிராகரிக்காமல் இருக்கத் தொடர்ந்து மருந்து சாப்பிடணும், தானமும் போதுமான அளவு கிடைப்பதில்லை. அமெரிக்காவில் 2007 முதல், டைப் 1 உள்ளவர்கள் இறந்த பிறகு தானமாகத் தரப்படும் கணையங்களைச் சேகரித்து உலகெங்கும் உள்ள ஆராய்ச்சியாளர்களுக்கு அனுப்பும் அமைப்பு ஒன்று செயல்படுகிறது. அந்தத் துண்டுகளை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, எந்தத் திட்டு தாக்கப்பட்டது, எது தப்பித்தது என்று எண்ணிப் பார்க்கிறார்கள். செய்முறை மாறியிருக்கிறது. வேலை லாங்கர்ஹான்ஸ் செய்த அதே வேலைதான்.

2022-ல் டெப்லிசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. ஆன்டிபாடிகள் வந்துவிட்ட, ஆனால் நோய் முழுமையாக வெளிப்படாத 8 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, நோய் வருவதைச் சுமார் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட அது உதவுகிறது. ரெண்டு வருஷம்தானே என்று தோன்றலாம். பத்து வயதுக் குழந்தைக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று அந்த வீட்டில்தான் கேட்கணும்.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது

இவ்வளவு கதைக்குப் பிறகும் நம்ம ஊரில் சில தப்பான நம்பிக்கைகள் போகவில்லை. அதனால் சுருக்கமாக:

• இனிப்பு அதிகம் சாப்பிட்டதால் டைப் 1 வருவதில்லை. பெற்றோர் வளர்த்த விதத்தாலும் வருவதில்லை.

• குழந்தைக்கு அளவுக்கு மீறிய தாகம், அடிக்கடி சிறுநீர், படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்ப வருவது, சாப்பிட்டும் எடை குறைவது, சோர்வு ஆகியவை இருந்தால் தள்ளிப்போடாதீங்க. உடனே சர்க்கரை அளவைப் பரிசோதிக்கணும்.

• வாந்தி, வயிற்றுவலி, வேகமாக மூச்சு வாங்குவது ஆகியவையும் சேர்ந்தால் அது அவசரநிலை. நேராக மருத்துவமனைக்குப் போகணும்.

• டைப் 1-க்கு இன்சுலின் கட்டாயம். யாரோ சொன்ன கஷாயத்தையோ பொடியையோ நம்பி ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. திட்டுகள் அழிந்துபோன உடம்பில் அந்த வேலையைச் செய்ய வேறெதுவும் இல்லை.

லாங்கர்ஹான்ஸுக்கு வந்த நோய்க்கு அவர் காலத்தில் மருந்து இல்லை. நம் குழந்தைகளுக்கு வரும் நோய்க்கு மருந்து இருக்கிறது. அதன் பெயரிலேயே அவர் பார்த்த தீவும் இருக்கிறது. அதைத் தினமும் தவறாமல் போட்டுக்கொள்ளும் பிள்ளை, 1922-க்கு முன் எந்தக் குழந்தைக்கும் கிடைக்காத ஒரு வாழ்க்கையை வாழ்கிறது: பள்ளிக்கூடம் போகிறது, விளையாடுகிறது, பெரியவளாகிறது. நாளை அவளே அந்தத் திட்டுகளை ஆராயும் முனைவர் பட்ட மாணவியாகவும் ஆகலாம்.